முதல் வரிசையில் சிரிக்காத அம்மாள்

முதல் வரிசையில், நட்டநடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

மல்கம் பாட்டம்லிக்கு முதலில் மைக்கின் மேல்தான் சந்தேகம் வந்தது. தன் ஜோக்கின் மேல் சந்தேகப்படும் பழக்கம் அவருக்குக் கிடையாது. மைக்கை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அதே ஜோக்கை மறுபடியும் சொன்னார்.

"என் மாமியாரையும் கூட்டிட்டு வந்திருக்கேங்க. கப்பல் ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்கே, கவனிச்சீங்களா?"

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அதையும் சிரிப்பின் கணக்கில் சேர்த்துக்கொண்டார் பாட்டம்லி. நடு நாற்காலி அம்மாள் மட்டும் உதட்டை இறுக்கி, ஒரு குஷனை இரண்டு கையாலும் வயிற்றோடு அமுக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய கணவர், ஒல்லியான பெரியவர், மேடையைப் பார்க்காமல் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'லேடி ரோஸ்மண்ட்' நியூகாசிலில் புறப்பட்டு நார்வேயைச் சுற்றிவிட்டுத் திரும்பும் உல்லாசக் கப்பல். அதன் கேளிக்கைப் பிரிவுக்குப் பாட்டம்லிதான் தலைவர். நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குபவரும் அவரே, இடையிடையே ஜோக் சொல்பவரும் அவரே. பிளாக்பூல் கடற்கரையில் பல வருஷம் மேடையேறியவர். "என்னைப் பாத்துச் சிரிக்காம போனவன் இன்னும் பொறக்கல" என்பது அவர் அடிக்கடி சொல்வது. தலையில் இருந்த முடி தன்னுடையது இல்லை என்பதைத் தவிர, தன்னைப் பற்றிய எல்லாமே அவருக்குத் திருப்தியாக இருந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் வாசலில் நின்று எல்லாருக்கும் கைகொடுப்பது வழக்கம். அந்த அம்மாள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். கணவர்தான் நின்றார்.

"ஹார்கிரீவ்னு பேர். ரொம்பப் பிரமாதம் சார்! நாங்க எதுக்காக வந்தோமோ அது அப்படியே கிடைச்சுது. தயவுசெஞ்சு எதையும் மாத்திடாதீங்க."

பாட்டம்லியின் முகம் வெளுத்துவிட்டது.

ஏன் வெளுத்தது என்பது எங்கள் இங்கிலாந்து ஆட்களோடு பழகியவர்களுக்குத் தெரியும். சாப்பாடு உண்மையிலேயே நன்றாக இருந்தால் "மோசமில்லை" என்பார்கள். வாயில் வைக்க வழியில்லாமல் இருந்தால்தான் "பிரமாதம்!" பக்கத்து வீட்டுக்காரர் புதுச்சட்டையைப் பார்த்து "ரொம்ப தைரியமான நிறம்" என்றால், அதை அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட வேண்டும். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த பாட்டம்லிக்கு, "எதையும் மாத்திடாதீங்க" என்பதைவிடக் கொடூரமான விமரிசனத்தைக் கேட்டதாக ஞாபகமில்லை.

மேடை நிர்வாகி பிரிஜெட் அயர்லாந்துக்காரி. நேருக்கு நேர் பேசிவிடுவாள். அவள்தான் அடுத்த கெட்ட செய்தியையும் கொண்டுவந்தாள்.

"சார், தலைமை ஆபீஸ்ல இருந்து யாரோ பயணி மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு ஏறியிருக்காங்களாம். நம்ம ஷோ தேறுமான்னு பாக்க."

"தேறலைன்னா?"

"தியேட்டரைப் பிரிச்சுப் போட்டுட்டு, குதிச்சு விளையாடுற டிராம்போலின் வைக்கப் போறாங்களாம்."

"நம்ம பயணிங்கள்ல பாதிப் பேருக்கு மூட்டு மாத்தியிருக்கு! அவங்க குதிக்கிறதுக்கா?"

"உங்க ஜோக்குக்கு அது தேவலைன்னு நெனச்சிருப்பாங்க."

பாட்டம்லி சிரிக்கவில்லை. ஆளில்லாத மேடையைத் திரும்பிப் பார்த்தார். நடனப் பெண்கள், வாத்தியக்காரர்கள், பிரிஜெட், மேடையில் 'மாயச் சக்கரவர்த்தி சொராண்டோ'வாகவும் மற்ற நேரத்தில் வெறும் கெவினாகவும் இருக்கும் மந்திரவாதி, இத்தனை பேர் பிழைப்பும் அந்தப் பலகைகளின் மேல் நின்றது. அவருக்கும் மேடையை விட்டால் வேறு தொழில் தெரியாது. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பிரிஜெட் பக்கம் திரும்பினார்.

"அந்த அம்மாதான் பிரிஜெட்! குஷனைப் பாத்தியா? நம்ம நாற்காலி மேலயே நம்பிக்கையில்ல. சொந்தமாக் கொண்டாந்திருக்கு."

"இருக்கலாம். ராத்திரி சாப்பாட்டுலகூட, அந்த ஸ்காட்லாந்துக் கும்பல் கலகலன்னு பேசிட்டிருந்த மேசையிலிருந்து எழுந்து தனியாப் போய் உக்காந்துட்டாங்க."

"பயணிங்களோட ஒட்டக் கூடாதுன்னு உத்தரவு. எனக்கு எல்லாம் தெரியும். கவலைய விடு. நாளைக்கு அந்த முகத்துல சிரிப்பு வரலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்."

படித்த அம்மாள், அதனால் கொச்சையான ஜோக்குகள் பிடிக்கவில்லை என்று முடிவு செய்தார். மறுநாள் ஜோக்குகள் அத்தனையும் ரத்து. மத்தளக்காரனிடமிருந்து குச்சிகளைப் பிடுங்கி ஒளித்துவைத்தார்கள். ஒரு பெண் இத்தாலிய மொழியில் மெதுவாகப் பாடினாள். பிறகு பாட்டம்லி கறுப்புக் கோட்டுடன் வந்து, கடலைப் பற்றித் தானே எழுதிய நெடுங்கவிதையை வாசித்தார். கடல் பெரியது என்ற செய்தியை அந்தக் கவிதை பல விதமாகச் சொன்னது. பாதியிலேயே கூட்டம் பிங்கோ ஆட்டத்துக்கு நழுவியது. மீதி இருந்தவர்கள் எழுந்திருக்கச் சோம்பல்பட்டவர்கள்.

நடு நாற்காலி அம்மாள் குஷனைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டார்.

"நேத்தைவிட இன்னிக்கு இன்னும் அருமை சார்!" என்று வாசலில் கையைப் பிடித்துக் குலுக்கினார் ஹார்கிரீவ். அவர் கண்ணே கலங்கியிருந்தது. "அந்தக் கவிதைக்கு ரெண்டாம் பாகம் இருந்தா, அதையும் கட்டாயம் வாசிக்கணும்."

"பாத்தியா, எப்படிக் குத்திட்டுப் போறான்!" என்றார் பாட்டம்லி.

"நெஜமாவே சொல்றாரோ என்னவோ?" என்றாள் பிரிஜெட்.

"நீ அயர்லாந்துக்காரி. உனக்கு இதெல்லாம் புரியாது."

தூங்குகிற ஆளை எழுப்ப வேண்டும் என்பது அடுத்த முடிவு. மூன்றாம் நாள் குச்சிகள் மத்தளக்காரனிடம் திரும்பிப் போயின. நடனப் பெண்கள் தலையில் ஆளுயர இறகுகளுடன் சுழன்றார்கள். பாதிப் பயணிகள் காதில் இருந்த கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள். இன்னும் பகட்டாக இருக்கட்டும் என்று புகை இயந்திரத்தைத் திருகு முழுக்கத் திருகிவிடச் சொன்னார் பாட்டம்லி.

தீயணைப்பு மணி அலறியது.

எங்கள் ஆட்கள் இதில் மட்டும் கெட்டிக்காரர்கள். ஒருவரும் ஓடவில்லை, முண்டவில்லை. உயிர்காப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு, மேல்தளத்தில், கொட்டும் மழையில் வரிசையாக நின்றார்கள். தவறான மணி என்று தெரிந்த பிறகும், வரிசை கலைந்துவிடக் கூடாதே என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். தேநீர் கொண்டுவந்து கொடுத்து உள்ளே அனுப்ப வேண்டியிருந்தது.

கேப்டன் பாட்டம்லியைக் கூப்பிட்டனுப்பினார். "மிஸ்டர் பாட்டம்லி, இன்னொரு தடவை இந்த மாதிரி நடந்துச்சுன்னா, ஊருக்கு நீங்க நீந்தித்தான் வரணும்."

வெளியே வந்தால் ஹார்கிரீவ் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தார்.

"புகை, மணி, மழை, எல்லாமே ஒண்ணாம் நம்பர் சார்! என் வீட்டுக்காரி முகத்துல ஈயாடல. நாளைக்கும் இப்படியே பண்ணுங்க."

வேறு ஆளாக இருந்தால் கேபினுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார். பாட்டம்லி அந்த ரகம் இல்லை. தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நேராக பிரிஜெட்டிடம் போனார்.

"நாளைக்குக் கடைசி ஷோ. ஆளை ரெண்டா அறுக்கிற வித்தையைப் போடறோம்."

"வட கடல் கொந்தளிப்பா இருக்கும்னு சொல்லியிருக்காங்க சார். அந்தப் பெட்டிக்குச் சக்கரம் இருக்கு. பூட்டு வேற சரியில்ல."

"நான் இருக்கேன்ல?"

அவர் இருந்ததுதான் பிரச்சினையே. மறுநாள் அலை ஏறியதும், வழக்கமாகப் பெட்டிக்குள் படுக்கும் பெண் வாளியும் கையுமாகச் சுருண்டுவிட்டாள். "நானே படுக்கிறேன்" என்றார் பாட்டம்லி. வித்தை எளியதுதான். தலைப்பக்கப் பெட்டியில் அவர் முட்டியை மடக்கிச் சுருண்டுகொள்ள வேண்டும். கால்பக்கப் பெட்டியில் நடனப்பெண் பாலி முன்கூட்டியே ஒளிந்திருந்து, தன் காலை வெளியே நீட்டுவாள். அறுத்துப் பிரித்தால் ஒரே ஆள் இரண்டானதுபோல் இருக்கும்.

"பாலி கால்ல சிவப்பு நகப்பூச்சு இருக்கே சார்?"

"யாரு கவனிக்கப் போறாங்க?"

எல்லாரும் கவனித்தார்கள். கோட்டும் சூட்டுமாகப் பாட்டம்லி பெட்டிக்குள் படுத்து, மறுமுனையில் வழவழப்பான இரண்டு வெள்ளைக் கால்கள் சிவப்பு நகத்துடன் எட்டிப் பார்த்தபோதே அரங்கில் ஒரு சலசலப்பு. கெவின் ரம்பத்தால் அறுத்து முடித்து, பெட்டியை இரண்டாகப் பிரித்து, "இதோ!" என்று கையை விரித்தான். அந்த நேரம் பார்த்துக் கப்பல் சாய்ந்தது.

தலை வலது பக்கம் உருண்டது. கால் இடது பக்கம் உருண்டது.

கெவின் தலையைத் துரத்தினான். கப்பல் மறுபக்கம் சாய்ந்ததும் தலை அவனைத் துரத்தியது. மேடை நடுவில் பாட்டம்லியும் அவருடைய கால்களும் ஒன்றையொன்று கடந்துபோனபோது, கால்பெட்டிக்குள்ளிருந்து "யாராவது பிடிங்களேன்!" என்று பெண்குரல் கத்தியது.

பாட்டம்லி தொழில்காரர். மேடையில் திரை விழும்வரை பதறக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

"அன்பர்களே, இது எல்லாமே நிகழ்ச்சியில உள்ளதுதான்" என்று உருண்டுகொண்டே அறிவித்தார். "என் கால் எங்கயும் போயிடாது. இப்பத் திரும்பி வந்துரும்."

வந்தது. வந்த வேகத்தில் கெவினை ஓர் உதை விட்டது. அவன் கோட்டுக்குள் அடுத்த வித்தைக்காகக் காத்திருந்த புறா மிரண்டு பறந்து, உட்கார இடம் தேடி, பாட்டம்லியின் தலையில் இறங்கி, மறுபடி எழும்பியபோது முடியையும் தூக்கிக்கொண்டு போனது.

பெட்டி மேடை விளிம்புக்கு உருண்டுவந்து, தடுப்பில் இடித்து நின்றது. பாட்டம்லியின் வழுக்கைத் தலைக்கு நேர் எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், அந்த அம்மாளின் முகம். யாராக இருந்தாலும் மரியாதை விட்டுப்போகக் கூடாதல்லவா?

"குட் ஈவினிங் மேடம்" என்றார் பாட்டம்லி. "பயணமெல்லாம் சௌகரியமா இருக்குங்களா?"

அந்த நிமிஷம் புறா, பாரம் தாங்காமல், முடியை அம்மாளின் குஷன்மேல் போட்டுவிட்டுப் போனது.

அம்மாள் முடியைப் பார்த்தார். பாட்டம்லியைப் பார்த்தார். தூரத்தில் ஆடிக்கொண்டிருந்த சிவப்பு நகங்களைப் பார்த்தார். கன்னம் உப்பியது. கண்ணில் நீர் முட்டியது.

"வினிஃப்ரெட், வேண்டாம்!" என்று கணவர் அலறினார். "வேற எதையாவது நெனச்சுக்கோ! வருமான வரியை நெனச்சுக்கோ! உங்க அக்காவை நெனச்சுக்கோ!"

பயனில்லை. அந்த அம்மாள் சிரித்தார். கூரை அதிரச் சிரித்தார். மூச்சு வாங்கி, "ஐயோ!" என்று கத்தி, கத்திக்கொண்டே சிரித்தார். அரங்கம் முழுவதும் அதில் தொற்றிக்கொண்டு சிரித்தது. ஸ்காட்லாந்துக் கும்பல் நாற்காலிமேல் ஏறி நின்று கைதட்டியது. கப்பல் மருத்துவமனையின் நர்ஸ் சக்கர நாற்காலியுடன் ஓடிவந்து அம்மாளை அழைத்துப்போனபோதும், வராந்தாவின் கோடிவரை அந்தச் சிரிப்பு கேட்டது.

"சிரிச்சுருச்சு பிரிஜெட்!" பெட்டிக்குள்ளிருந்து கூவினார் பாட்டம்லி. அவருக்கு உண்மையிலேயே அழுகை வந்துவிட்டது. "தியேட்டர் தப்பிச்சுது!"

"மொதல்ல பெட்டியை விட்டு வெளிய வாங்க சார்."

முடியை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டுக்கூட மேசையிலிருந்து ஒரு பூங்கொத்தையும் எடுத்துக்கொண்டு, பாட்டம்லி கம்பீரமாக மருத்துவமனைக்குப் போனார். உள்ளேயிருந்து ஒரு சிரிப்பும் ஒரு "ஐயோ"வும் மாறிமாறி வந்தன. வாசலில் ஹார்கிரீவ் கொதித்துக்கொண்டு நின்றார்.

"சார், மேடம் உணர்ச்சியைக் காட்டிக்கக் கூடாதுன்னு ஆபீஸ் விதி இருக்கும். எனக்குப் புரியுது. ரிப்போர்ட்ல எங்களைப் பத்தி..."

"எந்த ஆபீஸ்? என்ன ரிப்போர்ட்? நான் பல் டாக்டரா இருந்து ரிடையர் ஆனவன்! உங்க மேல உங்க தலைமை ஆபீஸ்லயே புகார் குடுக்கப் போறேன்!"

"என்னன்னு?"

"என் பொண்டாட்டியைச் சிரிக்க வச்சீங்கன்னு!"

பாட்டம்லி ஒரு கணம் யோசித்தார். 'லேடி ரோஸ்மண்ட்' கடலில் இறங்கிய நாள்முதல் அப்படியொரு புகார் வந்ததே இல்லை. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால், டிராம்போலினை யாரும் உள்ளே கொண்டுவர முடியாது. அவர் மார்பு நிமிர்ந்தது.

"கட்டாயம் குடுங்க சார். கொஞ்சம் விவரமாவே எழுதுங்க. ஆனா சிரிச்சதுல என்ன தப்பு?"

"தப்பா? வயித்துல ஆபரேஷன் ஆகி இன்னும் தையல்கூட ஆறல! அவ பூனை தும்மினாலே சிரிக்கிறவ. கொஞ்ச நாளைக்கு எங்க கொண்டுபோய் வச்சிக்கிறதுன்னு கேட்டப்போ எங்க சர்ஜனே சொன்னாரு: 'உங்களுக்கு முன்னாடி எத்தனையோ பேரை அனுப்பியிருக்கேன். லேடி ரோஸ்மண்ட் கப்பல்ல ஷோ பாக்க முதல் வரிசையில உக்கார வைங்க. அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது'ன்னு!"