பார்சலம்மாவுக்கு ஒரு டிரைவர்

"டிரைவர் மட்டும் வேண்டாம்" என்றார் கணவர். "வேற எதை வேணும்னாலும் வாங்கிக்கோ."

தட்டுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, சாப்பாட்டு மேசையின் மேல் ஒரு கோல்ஃப் பையைப் படுக்க வைத்திருந்தார் பார்சலம்மா. அவர் பணி ஓய்வு பெற்றதற்கு மகள் அனுப்பிய பரிசு அது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கென்றே கட்டிய பை. உள்ளே ஐந்து மட்டைகள். குழிக்குள் பந்தைத் தள்ள ஒரு புட்டர், மணலிலிருந்து தோண்டி எடுக்க ஒன்று, நடுத்தூரத்துக்கு இரண்டு அயர்ன், புல்லில் சிக்கிய பந்தைக் கிளப்ப ஹைபிரிட் என்று ஒன்று. ஆறாவதாக இன்னொன்றுக்கு இடம் இருந்தது. அதை அம்மாவே கடைக்குப் போய்ப் பிடித்ததாக எடுத்துக்கொள்ளட்டும் என்று மகள் சொல்லிவிட்டாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

தபால் அலுவலகத்தில் பார்சல் வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து காலம் தள்ளியவர் பார்சலம்மா. தராசில் வைப்பதற்கு முன்பே கையில் வாங்கி எடை சொல்லிவிடுவார். கட்டு சரியில்லை என்றால் யார் வீட்டுப் பார்சலாக இருந்தாலும் திருப்பித் தள்ளிவிடுவார். அலுவலகத்தில் வைத்த பெயர் வீடுவரை வந்து ஒட்டிக்கொண்டது. ஜன்னலில் அத்தனை அதிகாரம் செய்தவர், வீட்டில் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தார். அது ஞாயிற்றுக்கிழமை.

கல்யாணமான புதிதிலிருந்தே ஞாயிற்றுக்கிழமை காலை கணவருக்குச் சொந்தம். தோளில் பையை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவார். இங்கே பார்சலம்மா ஒரு வாரத்துத் துணியைத் துவைத்துக் காயப்போடுவார். மத்தியானம் கணவர் பளபளவென்று திரும்பி வருவார். இவ்வளவு விளையாடியும் களைப்பே இல்லையா என்று கேட்டால், அதுதான் இந்த விளையாட்டின் மகிமை என்பார். பிறகு சாப்பிட்டுக்கொண்டே, எந்தக் குழியில் எந்தப் பக்கம் காற்றடித்தது, தான் எப்படிச் சமாளித்தார் என்று விளக்குவார். நானும் ஒருநாள் வரட்டுமா என்று பார்சலம்மா கேட்டபோதெல்லாம், அது உனக்குச் சரிப்படாது என்று ஒரே பதில்தான் வந்தது.

கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. எரிச்சலாகவும் இருந்தது. அவர் கூட்டிக்கொண்டு போவார் என்று காத்திருந்தால் தான் கட்டையில் போகும் வரைக்கும் அந்தப் புல்லை மிதிக்க முடியாது என்பது பார்சலம்மாவுக்குத் தெளிவாகிவிட்டது. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது, அந்த மைதானத்தில், அந்த மனிதர் கண்ணெதிரே ஒரு பந்தை அடித்துக் காட்டிவிட வேண்டும். அதற்கு மேல் வாழ்க்கையில் பார்சலம்மாவுக்கு வேறு ஆசை இல்லை.

"டிரைவர்னா சும்மாவா?" கணவர் தொடர்ந்தார். "இருக்கறதுலயே நீளமான மட்டை. தலையும் பெருசு. ஆட்டத்துல முதல் அடியே அதுலதான். அதை அடக்கி ஆளவே எனக்கு எத்தனையோ வருஷம் ஆச்சு. நீ பேசாம இன்னொரு புட்டர் வாங்கிக்கோ. ஹால்ல கார்பெட் மேலயே தள்ளிப் பழகலாம். வெளிய போகவே வேண்டியதில்ல."

"ஏற்கெனவே ஒரு புட்டர் இருக்கே."

"அது தேஞ்சு போச்சுன்னா?"

பார்சலம்மா பையை மூடிக்கொண்டு எழுந்து கடைக்குப் போனார்.

கடையில் இருந்த பெண் வலை கட்டிய ஓர் அறைக்குள் அழைத்துப்போய், ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து அடிக்க வைத்தாள். பார்சலம்மா ஒவ்வொன்றையும் முதலில் கையில் ஏந்தி எடை பார்த்தார். கடைசியில் டிரைவரை வாங்கி வீசியபோது டணார் என்று ஒரு சத்தம் எழுந்தது. அந்தச் சத்தம் காது வழியாகப் புகுந்து வயிறு வரைக்கும் இனித்தது. கடைப்பெண் நேர்மையானவள். புதுசா கத்துக்கறவங்களுக்கு இது கொஞ்சம் அடங்காது மேடம் என்று எச்சரித்தாள்.

"அடங்காதா?" என்றார் பார்சலம்மா. "அப்படின்னா இதையே எடுத்து வைம்மா. நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்."

வீட்டுக்கு வந்ததும் பால்கனியில் நின்று மகளுக்குப் போன் போட்டார். பார்சல் ஜன்னலில் பேசிப் பேசிப் பழகிய குரல். போன் இல்லாமலேயே மகளுக்குக் கேட்டிருக்கும்.

"நம்ம வீட்ல இருக்கற டிரைவர் உங்கப்பாவுக்குத்தான் லாயக்கு. ரொம்பப் பழசு. எனக்குன்னு தனியா ஒரு டிரைவர் வேணும்டி. ஒண்ணு பாத்து வச்சிட்டேன். ஒல்லியா, நல்ல நீளமா, தலை மட்டும் பெருசா. பிடிச்சுப் பாத்ததுமே எனக்குப் பிடிச்சுப் போச்சு."

பால்கனிக்கு நேர் கீழே, அந்த வீட்டின் கார் டிரைவர் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். கணவருக்குக் கண் அறுவைச் சிகிச்சை ஆன நாளிலிருந்து வண்டி இந்த டிரைவர் கையில்தான். குள்ளமான, உருண்டையான மனிதர். தலையும் சிறியது. குழாய்த் தண்ணீர் தன் செருப்பை நனைத்துக்கொண்டிருப்பதுகூடத் தெரியாமல் அவர் அப்படியே நின்றார்.

சாயங்காலம் கொடுத்த டீயை அவர் தொடவில்லை. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, தன் வேலையில் ஏதாவது குறை கண்டீர்களா என்று கேட்டார். பார்சலம்மாவுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் சிரித்தது முதல் தப்பு.

"ஐயோ, போன்ல பேசினதா? நான் சொன்னது மட்டைங்க" என்றார்.

டிரைவரின் முகம் கறுத்துவிட்டது.

"மட்டையா? அம்மா, நான் குடிச்சிட்டு மட்டையாகி நீங்க எப்பப் பாத்தீங்க? வேலை நேரத்துல தொட்டதே இல்லம்மா. என் பிள்ளைங்க மேல சத்தியம்."

அதற்குப் பிறகு பார்சலம்மா என்ன விளக்கியும் அவர் காதில் ஏறவில்லை. சரி, கோல்ஃப் சமாச்சாரத்தைக் கோல்ஃப் தெரிந்தவரே சொல்லட்டும் என்று கணவரை அனுப்பி வைத்தார். கணவரோ டிரைவர் என்ற சொல்லைக் கேட்டாலே கொதித்துப் போகிற நிலையில் இருந்தார். அந்த மனிதர் எதற்காக அழுகிறார் என்றுகூட விசாரிக்கவில்லை. தன்னைப் போலவே நொந்துபோன ஓர் ஆண் கிடைத்தானே என்று தோளில் கைபோட்டுக்கொண்டார்.

"நானும் டிரைவர் வேண்டாம், வேண்டாம்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன்பா. கேட்டாத்தானே? முடிவு பண்ணிட்டா. இனிமே நம்ம கையில ஒண்ணும் இல்ல."

இரண்டு பேரும் சேர்ந்து பெருமூச்சு விட்டார்கள்.

மறுநாள் பார்சலம்மா கடைக்குப் போய் அந்த மட்டையை வாங்கிக்கொண்டு வந்தார். கண்ணால் பார்த்தால்தான் இந்த மனிதர் நம்புவார் என்று, நேராகக் கார் நிறுத்தும் இடத்துக்கே போனார். உறையைக் கழற்றி மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"இதோ பாருங்க. புது டிரைவர் இதுதான். இப்பவாவது புரியுதா?"

டிரைவர் மட்டையின் நீளத்தைப் பார்த்தார். அதன் தலையைப் பார்த்தார். பார்சலம்மாவின் கை வலுவையும் அவர் அறிவார்.

"அடிச்செல்லாம் விரட்ட வேண்டாம்மா" என்றார். "நானே போயிடறேன்."

செருப்பு ஸ்டாண்டின் மேல் வண்டிச் சாவியை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். பார்சலம்மா அவர் மனைவிக்குப் போன் செய்து ஆதியோடந்தமாகச் சொன்ன பிறகு, அந்தப் பெண்மணி சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. தான் பக்குவமாக எடுத்துச் சொல்லித் திங்கட்கிழமை அனுப்பி வைப்பதாகவும், ரோஷக்காரர், ஒருநாள் முறைத்துக்கொண்டிருந்தால்தான் ஆறுவார் என்றும் சொன்னாள்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் டிரைவர் இருந்தது, ஓட்டத்தான் ஆள் இல்லை.

"அப்ப இன்னைக்கு ஆட்டம் வேண்டாம்" என்றார் கணவர். அவர் குரலில் வருத்தத்தைவிட வேறு ஏதோ அதிகமாக இருந்தது. "மழை வேற வரும்போல இருக்கு."

வெளியே வெயில் பல்லை இளித்துக்கொண்டிருந்தது. பார்சலம்மா சாவியை எடுத்து விரலில் மாட்டினார். லைசென்ஸ் எடுத்து எத்தனையோ காலம் ஆகிறது. அது உனக்குச் சரிப்படாது என்று வண்டியையும் இதே மனிதர்தான் தடுத்து வைத்திருந்தார்.

"நான் ஓட்டறேன். ஏறுங்க."

"துணி ஊற வச்சிருக்கியே?"

"ஊறட்டும். உங்க சட்டைதானே?"

வழி நெடுகக் கணவர் காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். பையை யார் சுமப்பார்கள் என்று பார்சலம்மா கேட்டதற்குக் கேடி என்றார். உங்களைத் தவிர உங்களுக்கு எல்லாரும் கேடிதான் என்று பார்சலம்மா கடிந்துகொண்டார். பை தூக்கி, மட்டை எடுத்துக் கொடுக்கிற ஆளுக்குப் பெயரே கேடிதான் என்று அவர் விளக்கிய பிறகும் முழு நம்பிக்கை வரவில்லை. மைதானம் நெருங்க நெருங்க, வளைவிலேயே இறக்கிவிடு, நான் நடந்து போய்க்கொள்கிறேன் என்று கணவர் கெஞ்ச ஆரம்பித்தார். வண்டி வளைவைத் தாண்டியது. ஞாயிற்றுக்கிழமை பெண்களை உள்ளே விடமாட்டார்கள் என்றார். அப்போது பார்த்து இரண்டு பெண்கள் பையைத் தள்ளிக்கொண்டு குறுக்கே போனார்கள், அவர்களுக்குப் பின்னால் காவலாளி கதவை விரியத் திறந்து பார்சலம்மாவுக்கும் ஒரு சலாம் வைத்தார்.

வண்டியை நிறுத்தியதும் கணவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. தான் இங்கேயே நிற்பதாகவும், கற்றுக்குட்டிகளை உள்ளே சேர்க்க மாட்டோம் என்று அவர்கள் சொன்னவுடன் கிளம்பிவிடலாம் என்றும் சொன்னார். பார்சலம்மா அவருடைய உறுப்பினர் அட்டையை வாங்கிக்கொண்டு தனியாகவே கவுன்ட்டருக்குப் போனார். உறுப்பினர் குடும்பத்தார் தாராளமாக ஆடலாம் என்று சொல்லி ஒரு கேடியையும் கூட அனுப்பினார்கள். நரைத்த மீசையும் பெரிய தொப்பியுமாக, ஒரு கோணத்திலும் கேடியாகத் தெரியாத சாதுவான மனிதர். அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

முதல் அடி அடிக்கிற மேட்டில் பந்தை வைத்ததும், புதுசுன்னா ஹைபிரிட் எடுங்கம்மா, அதுதான் நல்லது என்று கேடி பணிவாகச் சொன்னார். பார்சலம்மா டிரைவரின் உறையைக் கழற்றினார்.

முதல் வீச்சில் காற்றுதான் அடிபட்டது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டாவது வீச்சில் புல் பெயர்ந்து பறந்தது. பின்னால் முறைக்குக் காத்திருந்த கூட்டத்தில் ஒருவர் கனைத்தார். இன்னொருவர், அந்த மட்டையை உள்ளே வைத்துவிட்டுச் சின்னதாக ஒன்றை எடுக்கலாமே என்று எல்லாருக்கும் கேட்கும்படி யோசனை சொன்னார். பார்சலம்மா திரும்பிப் பார்த்தார். கட்டு சரியில்லாத பார்சலைப் பார்க்கிற பார்வை அது.

"இதுலதாங்க அடிப்பேன்" என்றார். "அவசரம்னா நீங்க வேற மைதானம் பாத்துக்கோங்க."

அதற்குப் பிறகு யாரும் கனைக்கவில்லை. பார்சலம்மா மட்டையைத் திரும்பத் தூக்கினார். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளின் கோபத்தையும் தோளில் ஏற்றிக்கொண்டு வீசினார்.

டணார்.

பந்து வெகுதூரம் போனது என்று சொன்னால் அது பொய். ஆனால் நேராகப் போனது. நன்றாக எழும்பி, வெயிலில் ஒரு நிமிஷம் கண்ணுக்குத் தப்பி, தூரத்தில் பச்சைப் புல்லின் நடுவே இறங்கி உருண்டது. பின்னால் யாரோ கை தட்டினார்கள். யோசனை சொன்னவரே தட்டியிருக்கலாம். பார்சலம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தச் சந்தோஷத்தையா இத்தனை காலமும் தனக்குச் சரிப்படாது என்று ஒரு மனிதர் மறைத்து வைத்திருந்தார் என்று நினைத்ததும் கோபம் பொங்கியது.

கணவர் வண்டியை விட்டு இறங்கி, கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தின் பக்கமாக ஒதுங்கி நின்றிருந்தார். பார்சலம்மா கையை ஆட்டி அழைத்தார். அவர் பார்க்காத மாதிரி வானத்தைப் பார்த்தார். பார்சலம்மா அசையாமல் நின்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கூட்டமே திரும்பி அவரைப் பார்க்க ஆரம்பித்ததும், வேறு வழியில்லாமல் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து வந்து சேர்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"நான் அடிச்சாச்சு" என்று டிரைவரை அவரிடம் நீட்டினார் பார்சலம்மா. "இப்ப நீங்க அடிங்க. நானும் ஒருதடவை கண்ணால பாக்கறேன்."

கணவர் மட்டையைத் தொட்டதுதான் தாமதம், கேடி பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு பேருக்கும் நடுவே பாய்ந்து வந்தார்.

"அம்மா, ஆளு தெரியாம மட்டையைக் குடுக்காதீங்க, யாரு மேலயாவது பட்டுடும், இவரு ஆட வர்றவரு இல்ல, வீட்டுக்குப் பயந்து ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அந்த மரத்தடி பெஞ்சுல பையைத் தலைக்கு வச்சுத் தூங்க வர்றவரு."