புகை பார்க்கும் வெள்ளிக்கிழமை

"ஏலே இன்னாசி, இன்னும் புகையுதுலே!" என்று சங்கிலிபூதத்தான் தலையில் அடித்துக்கொண்டான். 

திருநெல்வேலி டவுணில் பிணம் ஏற்றும் டீசல் வேன் அவனுடையது. அது கக்கிய கரும்புகையைப் பார்த்துப் போன வாரம் வண்டிப் புகை சோதிக்கும் ஆபீசர் நடுரோட்டில் மறித்துவிட்டார். "வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள புகையில்லாம கொண்டாந்து காட்டணும். இல்லன்னா வண்டி ரோட்டுல ஓடாது." இன்று வெள்ளி. வண்டி நின்றால் வீட்டில் நாலு வயிறு காயும்.

"புகைன்னா அரைகுறையா எரிஞ்ச டீசல், அண்ணாச்சி. டீசலைக் கொறைச்சா முழுசா எரிஞ்சிரும்" என்று மெக்கானிக் இன்னாசி டீசல் பம்பின் திருகை இறுக்கினான். 

புகை போன இடம் தெரியவில்லை. வண்டியின் பாதி உயிரும் கூடவே போய்விட்டது. ஆக்சிலேட்டர் மிதியிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் அணைந்தது.

இரண்டு மணிக்குச் சாவு வீட்டிலிருந்து ஆள் வந்தது. பிணத்தை வேண்டாமென்று சொல்ல முடியுமா? சந்து முனையில் உடலை ஏற்றும்வரை சங்கிலிபூதத்தான் மிதித்த காலை எடுக்காமல் சீட்டிலேயே இருந்தான். இறங்கி ஒரு கும்பிடு போடக்கூட வழியில்லை. காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

கருப்பந்துறைச் சுடுகாட்டுக்குப் போகிற வழியில் சின்ன மேடு. வண்டி மூச்சை விட்டு நின்றது.

"என்ன வே, செத்தவரே எந்திச்சுத் தள்ளணுமா?" என்றார் காக்கிச் சட்டை.

உறவுக்காரர்கள் தள்ளினார்கள். அசையவில்லை. சங்கிலிபூதத்தான் இறங்கி ஸ்பேனரை எடுத்துப் பம்பின் திருகைத் தளர்த்தினான். பதற்றத்தில் கொஞ்சம் அதிகமாகவே தளர்த்திவிட்டான். அடுத்த தள்ளில் வண்டி துள்ளியது. தள்ளியவர்கள் முகமெல்லாம் கரி.

"கொள்ளி வைக்கதுக்கு முன்னாலயே எங்கள எரிச்சிட்டியேலே!"

செத்தவரின் மகன் இருமுகிறானா அழுகிறானா என்றே தெரியவில்லை.

காற்று கூடினால் புகை அடங்கும் என்று ஏர் ஃபில்டரைக் கழற்றி எறிந்தான். ரோட்டுப் புழுதி முழுக்க இன்ஜினுக்குள் போனது. டக்டக்கென்று தட்டிக்கொண்டு, முன்னைவிடக் கறுப்பாகக் கக்கிக்கொண்டு, சுடுகாட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலே முக்கால். இனி இந்தச் சனியனை எப்படிக் கொண்டுபோய்க் காட்டுவது? ஆபீசர் காலில் விழுந்தாவது ஒரு வாரம் தவணை கேட்க வேண்டியதுதான்.

"சீக்கிரம் இறக்குங்க அண்ணாச்சி! புகை பாக்குத ஆபீசர் முன்னால அஞ்சு மணிக்குள்ள போயி நிக்கணும். விட்டா எம் பொழப்பு போச்சு!"

காக்கிச் சட்டைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கன வே ஓடுதீரு? நான் அவரு ஆபீஸ் பியூன்தான். உம்ம ஆபீசரத்தான் ரெண்டு மணி நேரமா பின்னால படுக்கப்போட்டுக் கொண்டாந்திருக்கீரு."