தங்கராசா சேர் கோக்கோவைப் பழக்கிய கதை

மூன்றாவது நாளும் தங்கராசா சேரின் கால் விறாந்தையில் அதே ஈரத்தில்தான் விழுந்தது.

“கோக்கோ!”

கதிரைக்கு அடியிலிருந்து ஒரு கை பஞ்சு எட்டிப் பார்த்தது. பொமரேனியன் குட்டி. மகள் விதுர்ஷா வெளிநாட்டுப் படிப்புக்குப் பறக்கும் அவசரத்தில், தான் இருந்த, முற்றமில்லாத கொழும்பு மாடிவீட்டிலிருந்து கொண்டுவந்து, “கொஞ்ச நாளைக்குப் பாருங்கப்பா” என்று கையில் திணித்துவிட்டுப் போனது.

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பன்,” என்றாள் மனைவி புஸ்பம், நிலம் துடைக்கும் துணியோடு. “மறுகா வவுணதீவில தம்பிர வளவுக்கு அனுப்பிருவன்.”

“அங்க பெரிய நாய் நாலு நிக்கி. அதுகள் இத வடையெண்டு நினைச்சிருங்கள்.”

“அப்ப பழக்குங்க. ஊர்ப் புள்ளையளையெல்லாம் பழக்கின ஆள்தானே!”

அது சேரின் மானத்தில் பட்டது. முப்பத்திரண்டு வருடம் உடற்கல்வி ஆசிரியர். அவருடைய விசிலுக்கு ஆயிரம் பிள்ளைகள் ஒற்றைக்காலில் நின்றிருக்கிறார்கள். மகளிடம் கேட்கலாம்தான். ஆனால், இந்தப் பஞ்சுக்கெல்லாமா யோசனை கேட்பது?

யூடியூப் சொன்னபடி தரையில் பத்திரிகை விரித்தார். கோக்கோ அதில் சுகமாக மூத்திரம் பெய்தது. சேர் கைதட்டினார். மறுநாள் அவர் சப்பணமிட்டு, தரையில் விரித்து வாசித்துக்கொண்டிருந்த பத்திரிகையிலும் வந்து பெய்தது. மரண அறிவித்தல் பக்கம் முழுக்க நனைந்தது.

பழைய விசிலை எடுத்தார். குட்டியை முற்றத்து மாமரத்தடிக்குத் தூக்கிப்போய்க் காத்திருந்து, காரியம் நடக்கும்போது ஒரு விசில், முடிந்ததும் ஒரு பிஸ்கட். இரண்டே நாளில் கோக்கோ பாடத்தைப் பிடித்துக்கொண்டது: விசில் கேட்டால் பெய்ய வேண்டும்.

வெள்ளிக்கிழமை புஸ்பம் பிரஷர் குக்கரில் கடலை அவித்தாள்.

“இஞ்ச வாங்க!” அவள் போட்ட சத்தம் வாவிக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும். “அஞ்சு விசிலுக்கு அஞ்சு இடம்!”

“சொன்னதச் செஞ்சிரிக்கி,” என்றார் சேர், கொஞ்சம் பெருமையோடு.

அதற்குப் பிறகு புஸ்பம் சோறு போட்டாளே தவிர, அவரோடு கதைக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்தது. சேர் எந்த விளையாட்டையும் வாயால் சொல்லிக்கொடுத்தவர் அல்லர். செய்து காட்டித்தான் பழக்கியவர். மாமரத்தடியில் நின்று இடுப்புச் சாரத்தை ஒதுக்கினார்.

“கோக்கோ, இஞ்ச பாரு. இப்பிடி!”

கோக்கோ பார்த்தது. வேலிக்கு அப்பால் பூப் பறிக்க வந்த பக்கத்து வீட்டு அகீலா ரீச்சரும் பார்த்தார்.

“சேர்... வீட்டுக் கக்கூஸ் பழுதா?”

நாய்க்குப் பாடம் எடுக்கிறேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. “ஓம் ரீச்சர். அடைச்சிற்று.”

“கடவுளே! ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!”

ரீச்சர் இரக்கமுள்ளவர். ஒன்பது மணிக்குள் வீதி முழுவதும் சேருக்காக இரங்கியது. பத்து மணிக்கு, ரீச்சர் சொல்லி அனுப்பிய மேசன் நஸீர் ஏறாவூரிலிருந்து கம்பியும் வாளியுமாக வந்து இறங்கினார். நேரே விறாந்தைக் கோடிக்குப் போய், நாய் உள்ளே போய் அசுத்தமாக்கிவிடும் என்று அது வந்த நாளிலிருந்தே சேர் கொளுக்கி போட்டு வைத்திருந்த கக்கூஸ் கதவைத் திறந்தார்.

வீட்டு மண்டபத்தில் புஸ்பம் கோக்கோவை அனுப்ப ஒரு கூடையைக் கொண்டுவந்து வைத்தாள்.

“நாளைக்கு விடியவே தம்பி வாறான்.”

சேர் கோக்கோவின் சின்னத் துவாயை மடித்துக் கூடைக்குள் வைத்தார். பிறகு வெளியே எடுத்தார். கண்ணில் தூசி விழுந்தவர்போல முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் உள்ளே வைத்தார்.

அப்போது நஸீர் கையைத் துடைத்தபடி வந்தார். பின்னால் வாலை ஆட்டிக்கொண்டு கோக்கோ.

“சேர், கக்கூசில ஒரு பழுதும் இல்ல. கதவத் தொறந்த உடன உங்கட நாய் எனக்கு முந்தி உள்ளுக்குப் போய், தண்ணி ஓடுற ஓட்டையடியில குந்தி, வேலைய முடிச்சிட்டு வந்திரிச்சி. அது நல்லாப் பழகின நாய், சேர். மரத்தடிக்குப் போற ஆளத்தான் இனிப் பழக்கணும்.”