லிஸ்ட்ரோசாரஸுக்குப் பதினாறு சென்டிமீட்டர்

"நாற்பதுன்னா நாற்பதுதாங்க. நாற்பத்தொண்ணு வந்தா ஒண்ணு வெளியே போகணும்" என்று மனைவி அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்.

அவளுக்கு நில அளவை அலுவலகத்தில் வேலை. இருபது வருடமாக ஊரார் வேலித் தகராறுகளைத் தீர்த்துவைப்பவள், தன் வீட்டு வரவேற்பறையில் மட்டும் ஆக்கிரமிப்பை விட்டுவைப்பாளா? சுவர் அலமாரியில் பாதி அவளுடைய வரைபடச் சுருள்களுக்கு, பாதி அவருடைய விலங்குகளுக்கு. நடுவே பென்சிலால் ஒரு கோடு. அவருடைய பக்கத்தில் நாற்பது பொம்மைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு சீட்டு ஒட்டி, வரிசை எண்ணும் வீட்டு விலாசமும் எழுதியிருந்தாள். எண் இல்லாத எதையும் அவளால் சகிக்க முடியாது.

அவர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். பகலெல்லாம் மனிதர்களின் எலும்புகளைப் பார்ப்பதால் மாலையில் வேறு எலும்புகளின் மேல் ஆசை வந்ததோ என்னவோ, பழங்கால விலங்குப் பொம்மைகளைச் சேர்க்கத் தொடங்கி வெகு காலமாகிவிட்டது. அதிலும் யாரும் சீந்தாத விலங்குகள்தான் அவருக்கு. அம்புமுனை போலத் தலையுள்ள ஒன்று. உடம்பைவிடக் கழுத்து நீளமான ஒன்று. இதெல்லாம் எதற்குப் பிறந்தன என்று பார்ப்பவர்கள் கேட்பார்கள். அவருக்கு அந்தக் கேள்வி பிடிக்காது.

இப்போது வரப்போகிற நாற்பத்தோராவது, அவர் ஒன்பது வருடமாக ஏங்கிக் காத்திருந்த லிஸ்ட்ரோசாரஸ்.

அது டைனோசர்கூட இல்லை. டைனோசர்களுக்கு முன்பே வந்தது. பன்றி அளவு உடம்பு, ஆமை மூக்கு, இரண்டே இரண்டு கோரைப் பற்கள். உறுமாது, பாயாது. ஆனால் இருபத்தைந்து கோடி வருடங்களுக்கு முன் உலகத்தில் பெரும்பாலான உயிர்கள் அழிந்தபோது, இது மட்டும் மண்ணைத் தோண்டி உள்ளே படுத்துக்கொண்டு, பிறகு எழுந்து வந்து, மிச்சமிருந்த செடிகளைத் தின்றுகொண்டு தன்பாட்டுக்கு நடந்ததாம். அதைப் படித்த அன்றே அவர் மனம் அதனிடம் போய்விட்டது. பெரிய ஆளாக இல்லாமலே பிழைத்துக்கிடக்கலாம் என்று ஒரு விலங்காவது நிரூபித்திருக்கிறதே என்று ஓர் ஆறுதல்.

எக்ஸ்ரே அறையின் அரை இருட்டில் அவர் நோயாளிகளிடம், "மூச்சை இழுத்து அப்படியே நிறுத்துங்க" என்பார். அந்த ஒரு கணத்தில் அறையில் எதுவும் அசையாது. அப்போது அவருக்கு மட்டும், எங்கோ ஈர மண்ணில் குட்டைக் கால்கள் மெத்து மெத்தென்று நடந்து போவது கேட்கும். சில நோயாளிகள் அதனால் கொஞ்சம் அதிக நேரம் மூச்சைப் பிடித்திருக்க வேண்டியதாயிற்று.

ஊரில் இந்தப் பொம்மைகளை விற்பது ஒரே ஒரு கடை. அங்கே கம்பெனிக்காரர்கள் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். அடுத்து என்ன விலங்கு வேண்டும் என்று சீட்டில் எழுதிப் போடலாம். பெயர் எழுத வேண்டாம். மாதக் கடைசியில் கம்பெனி ஆள் வந்து பெட்டியைத் திறந்து சீட்டுகளை எடுத்துக்கொண்டு, எந்தப் பொம்மை எத்தனை போனது என்றும் கேட்டுப் போவார்.

ஒரே ஒரு சீட்டை நம்பி ஒரு கம்பெனி லிஸ்ட்ரோசாரஸ் செய்யாது என்று அவருக்குத் தெரியும். ஆகவே அவர் மாதத்துக்கு ஏழு சீட்டு போட்டார். ஒன்று வலக்கையால், ஒன்று இடக்கையால், ஒன்று பச்சை மையில், ஒன்று சாய்வெழுத்தில், ஒன்று குழந்தை எழுதினாற்போலப் பெரிய பெரிய எழுத்தில், ஒன்று டாக்டர்கள் மாதிரி யாருக்கும் புரியாமல், ஒன்று பெண் எழுத்து என்று அவர் நினைத்துக்கொண்ட ஒரு விதத்தில். வாழ்க்கையில் அவர் செய்த ஒரே மோசடி இதுதான். மனைவிக்குக்கூடத் தெரியாது.

ஒன்பது வருட மோசடி கடைசியில் பலித்தது. வரப்போகும் பொம்மைகளின் பட்டியலில், கீழே பொடி எழுத்தில், லிஸ்ட்ரோசாரஸ், பதினாறு சென்டிமீட்டர், மூன்று மாதத்தில் என்று அச்சாகியிருந்தது. பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தார்.

மிச்சமிருந்தது இடப் பிரச்சினைதான். யாரை வெளியே அனுப்புவது? மற்ற முப்பத்தொன்பதும் போக்கிடம் இல்லாதவை. ஒரே ஒரு டைரனோசாரஸ் இருந்தது. யாரோ எப்போதோ பரிசாகக் கொடுத்தது. உலகத்தில் எந்தக் கடையிலும், எந்தச் சட்டையிலும், எந்த டிபன் பெட்டியிலும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் அதே டைரனோசாரஸ். அதற்கு இந்த வீடு இல்லாவிட்டால் ஆயிரம் வீடு. எதிர்வீட்டுச் சிறுமியிடம் கொடுத்தார். அவள் அதைக் கட்டிக்கொண்டு உள்ளே ஓடினாள். அலமாரியில் பதினெட்டு சென்டிமீட்டர் காலியாயிற்று. அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டே அவர் காபி குடித்தார். அங்கே ஏற்கெனவே ஒரு சிறிய முதுகு தெரிவதுபோல இருந்தது.

மறுநாள் மாலை எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். கையில் பெட்டி.

"குழந்தை கேட்டாளேன்னு உங்க சொந்தப் பொம்மையையே எடுத்துக் கொடுத்துட்டீங்களே சார். எனக்கு மனசே ஆறலை."

பெட்டிக்குள் ஒரு டைரனோசாரஸ். பழையதைவிட ஒரு மடங்கு பெரிது. வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்காரர் கண் கலங்கினார். மனைவி ஒரு மணி நேரத்துக்குள் அதற்கும் எண் ஒட்டிவிட்டாள். அதன் வால் பென்சில் கோட்டைத் தாண்டி அவளுடைய வரைபடங்களின் மேல் கிடந்தது.

"எல்லை மீறுதுங்க" என்றாள் அமைதியாக.

அவர் அதை மருத்துவமனைக்கு எடுத்துப் போய் எண் சீட்டை உரித்துவிட்டு, குழந்தைகள் பிரிவில் வைத்துவிட்டு வந்தார். மருத்துவமனை ஒரு ஆளா, வீடா, திருப்பிக் கொடுக்க? அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டார். மூன்றாம் நாள் தலைமை நர்ஸ் எல்லாரையும் கூட்டி ஒரு சிறு பாராட்டே வைத்துவிட்டார். தனக்கு உயிரான பொருளை நோயாளிக் குழந்தைகளுக்குக் கொடுத்தவர் என்று பேசி, நர்ஸுகள் சார்பில் ஒரு டைரனோசாரஸைக் கையில் கொடுத்தார். முதுகில் பொத்தான். அழுத்தினால் கண் சிவந்து உறுமியது. உறுமல் நிற்பதற்கு இன்னொரு பொத்தான் இருந்திருக்க வேண்டும். யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. உறுமலோடேயே படம் எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

அவர் யோசித்தார். கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவே கொடுக்காத ஒரு மனிதர் வேண்டும். அப்படி ஒருவர் குடும்பத்திலேயே இருந்தார். மைத்துனர். ஏணி, துளை போடும் இயந்திரம், இரண்டு குடை, ஒரு சூட்கேஸ், எல்லாம் அந்த வீட்டுக்குப் போனவை. அவற்றைப் பிறகு யாரும் பார்த்ததில்லை. உறுமும் பொம்மையை அவரிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகத் திரும்பினார். வழியெல்லாம் பேருந்து சன்னலுக்கு வெளியே மரங்கள் விலகி விலகிப் பெரணிச் செடிக் காடாக மாறின. குட்டைக் கால் விலங்கு ஒன்று தலையைத் தூக்கி அவரைப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கியது. இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு மூன்று நிறுத்தம் தள்ளி இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் வந்தார். தோளில் ஏணி. பின்னால் குடைகள், சூட்கேஸ், துளை போடும் இயந்திரம்.

"நான் இத்தனை வருஷமா எதையும் திருப்பித் தந்ததில்லை. அப்படியும் நீங்க ஆசையா வெச்சிருந்ததைக் கொண்டுவந்து கொடுத்தீங்க பாருங்க மாமா, எனக்கு ராத்திரி தூக்கமே வரலை" என்றவர் சூட்கேஸைத் திறந்தார். உள்ளே ஒரு டைரனோசாரஸ்.

தம்பி திருந்திவிட்டான் என்று மனைவிக்கு அன்று முழுக்கச் சிரித்த முகம். அந்த முகத்துக்கு எதிரே இதை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

திங்கட்கிழமை அதைப் பேருந்து இருக்கையில் மறந்துவிட்டு இறங்கினார். இது நூறு சதவீதம் திட்டமிட்ட மறதி. ஆனால் எண் சீட்டை உரிக்க மட்டும் நிஜமாகவே மறந்துபோயிருந்தார். மாலையில் விலாசத்தைப் பார்த்து நடத்துநரே வீடு தேடி வந்தார். கூடவே இன்னொன்றும். டிப்போவில் ஒரு வருடமாக யாரும் உரிமை கோராமல் கிடந்ததாம்.

"இதுவும் உங்களோடதாத்தான் சார் இருக்கும். ஜாடை ஒண்ணா இருக்கு" என்றார் நடத்துநர்.

இதற்கிடையில் அறிவிப்புப் பலகைப் படம் தன் வேலையைக் காட்டியது. நர்ஸுகள் கொடுத்தால் நாங்கள் என்ன சும்மாவா என்று ரத்தப் பரிசோதனைக்காரர்கள் ஒன்று கொடுத்தார்கள். மருந்தகத்தார் ஒன்று. கண் பிரிவில் ஒன்று. ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் சேர்ந்து ஒன்று. தனக்கு டைரனோசாரஸ் அவ்வளவாகப் பிடிக்காது என்று அவர் ஒவ்வொரு பிரிவாகப் போய் விளக்கினார். எவ்வளவு அடக்கம் என்று ஒவ்வொரு பிரிவிலும் பேசிக்கொண்டார்கள்.

அலமாரி நிரம்பி, வாசற்படி வரை வாயைப் பிளந்த தலைகள் வரிசைகட்டின. தன்னுடைய அம்புத்தலை விலங்கு எங்கே நிற்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. பட்டியலில் சொன்ன நாளுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. பதினாறு சென்டிமீட்டர் வேண்டாம், பதினாறு மில்லிமீட்டர்கூட இல்லை. உலகம் அழிந்தபோதே பிழைத்துக்கொண்ட விலங்குக்குத் தன் வீட்டில் இடம் இல்லையே என்று நினைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து, ஐம்பத்திரண்டு வயது மனிதர், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார், ஏழு சீட்டைத் தவிர. கொடுத்தது எதுவும் அன்பினால் கொடுத்ததல்ல என்பதையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து அளவு நாடாவை எடுத்தாள்.

"நீளம் பதினாறா? உயரம்?"

"எட்டு."

அவள் தன் பக்கத்திலிருந்து நான்கு வரைபடச் சுருள்களை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். பழைய கோட்டை ரப்பரால் அழித்தாள். இருபது வருடத்தில் அவள் ஓர் எல்லையை மாற்றியதை அவர் பார்த்ததில்லை. புதிய இடத்தைச் சுற்றி மெல்லிய பென்சிலால் கட்டம் போட்டு, உள்ளே அலுவலக எழுத்தில் அதன் பெயரை எழுதினாள். ஒரு எழுத்துக்கூடத் தப்பாமல் எழுதினாள்.

"ஒன்பது வருஷமா தூக்கத்துல சொல்றீங்களே. தெரியாதா எனக்கு?" என்றாள்.

சனிக்கிழமை காலை இருவரும் சேர்ந்தே கடைக்குப் போனார்கள். வெயில் தெருவில் நீர் போலப் பரவிக் கிடந்தது. அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. பக்கத்தில் ஒரு குட்டைக் கால் விலங்கு தன்பாட்டுக்கு நடந்துவருவது கேட்டது. இந்த முறை மனைவிக்கும் அது கேட்கிறது என்று அவருக்குத் தோன்றியது, ஏனென்றால் அவளும் மெதுவாகத்தான் நடந்தாள்.

கடைக்கார அம்மா அவர்களைப் பார்த்ததும் உள்ளே போனார். ஒரு பெரிய பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி வந்து மேசையில் வைத்தார். பெட்டியின் சன்னலுக்குள் ஒரு வாய் பிளந்திருந்தது. அவர் பெட்டியைப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்த பட்டியலைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"அந்தப் பன்னி மாதிரி ஒண்ணு வரலைங்க சார், அதை இனிமே பண்ணவே போறதில்லைன்னுட்டாங்க, அதுக்குப் பதிலா இதை அனுப்பியிருக்காங்க" என்றார் அந்த அம்மா. "நம்ம ஊர்ல ஏழு பேர் ஒன்பது வருஷமா விடாம அதைக் கேட்டு சீட்டு எழுதிப் போட்டாங்களாம், ஆனா கடைசியில பார்த்தா நம்ம கடையில சரியா ஏழு டைரனோசாரஸ் வித்திருக்கு, அந்த ஏழு பேரே மனசு மாறிட்டாங்கன்னா அப்புறம் அதை யாருக்காகப் பண்றதுன்னு கம்பெனியில கேட்கிறாங்க சார்."