ரசம் கட்டியான விவரம்

காரைக்குடி,
25.3.1996

மஸ்கட்டில் இருக்கும் மதிப்பிற்குரிய சின்னராஜ் அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் மரிய ஜெரால்டு வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கு எல்லோரும் சுகம். நீங்களும் அக்காவும் சுகமென்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை காலை எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ரசம் கட்டியாகிவிட்டது. முதலில் தெரிவித்தவர் என் மனைவி ஞானமணி. சட்டியைக் கவிழ்த்து நானும் உறுதிசெய்துகொண்டேன். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

எங்கள் வீட்டில் தங்கி எம்.எஸ்சி. படிக்கும் உங்கள் மகள் ஆன் மேரி செய்வது ஆராய்ச்சியா, கிறுக்கா என்று பார்த்து எழுதச் சொன்னீர்கள். உருப்படியாக ஒன்றும் இல்லையென்றால் படிப்பை நிறுத்தி மாப்பிள்ளை வீட்டாருக்கு வாக்குக் கொடுக்கப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். விசாரித்தேன். எங்கள் வீட்டுப் புளித்த இட்லி மாவிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்து வளர்க்கிறாள். அது சுரக்கும் நொதியை, தொண்டியில் மீன் வெட்டுகிறவர்கள் வீசும் தோலின்மேல் ஊற்றுகிறாள். நொதி தோலைப் பதமாக அரித்து, உள்ளே இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தைத் தண்ணீரில் இறக்கிவிடுகிறதாம். நான் நம்பவில்லை. பாட்டிலில் கலங்கல் தண்ணீர்தான் தெரிந்தது.

வடிகட்டிய இரண்டு பாட்டிலில் ஒன்று சோதனைக்கு மதுரைக்குப் போய்விட்டது. கல்லூரி ஃபிரிட்ஜ் பழுதானதால் மற்றதை வீட்டுக்குக் கொண்டுவந்து பழைய சோற்று நீச்சத்தண்ணிச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். ரசம் கட்டியானதற்கு முந்தின நாள் தவக்கால வெள்ளிக்கிழமை. சாம்பல் புதனிலிருந்து ஞானமணி வீட்டில் மீன் வாடையே விடவில்லை. புளி தீர்ந்துபோனதால், பாட்டிலில் இருப்பதும் புளித்த நீச்சத்தண்ணிதான் என்று ரசத்தில் ஊற்றிவிட்டாள். சாயங்காலம் ஆன் மேரி வந்தாள்.

“அத்தே, பாட்டில்ல இருந்தது எங்க?”

“ரசத்துல. ஏம்பிள்ள, ரொம்ப நாள்பட்டதா?”

“மீன் தோலுலேர்ந்து எடுத்தது அத்தே!”

ஞானமணி சிலுவை போட்டுக்கொண்டாள். “அடி பாவி! தவக்காலத்துல இப்படிப் பண்ணிட்டியே! உங்க மாமா ரெண்டு தடவ கேட்டு வாங்கிக் குடிச்சாக!”

பிள்ளை சாப்பிடாமல் அழுதுகொண்டே படுத்தாள். மிச்ச ரசத்தைக் கொட்ட மனமின்றி ஃபிரிட்ஜில் வைத்தோம். காலையில் பார்த்தால் மேலே சொன்னபடி.

“மாமா, தோலு ஒரு துண்டுகூட இதுல இல்ல. தோலுக்குள்ள இருந்தது மட்டுந்தான். சுட வச்சு ஆறுனதும் சேந்துக்கிருச்சு” என்றாள், அழுத முகத்தோடு சிரித்தபடி.

ஒரு துண்டை வெட்டிக் கண்ணாடித் தட்டில் வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். மிளகுத்தூள் மூழ்கவும் இல்லை, மிதக்கவும் இல்லை, நடுவிலேயே நின்றது. வெள்ளம், தீ, தேர்தல் எல்லாம் பார்த்துப் பத்திரிகைக்கு எழுதியவன் நான் அத்தான். ஒரு துண்டு ரசத்தை மறுபடி மறுபடி திருப்பிப் பார்த்தது அன்றுதான். எங்கள் வீட்டு மாவில் தினமும் பொங்கிக்கொண்டிருந்த ஜீவனுக்கு இப்படியொரு வேலை தெரியும் என்று இத்தனை வருடமும் நமக்குத் தெரியவே இல்லையே!

ரசம் சான்றாகாது என்கிறார் அவளுடைய பேராசிரியர் அழகுசுந்தரம். மதுரை முடிவு ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமை வரும். அதுவரை யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம் என்று உங்கள் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். இறைவன் இரு வீட்டையும் காப்பாராக.

அன்புடன்,
மரிய ஜெரால்டு

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் தந்தி வந்தது. வாக்குக் கொடுத்துவிட்டீர்களாம். ஆன் மேரியிடம் காட்டினேன். “வாக்கு அப்பா குடுத்தது மாமா. கொலாஜன் நான் எடுத்தது. அவுகவுக பொருளுக்கு அவுகவுகதான் பொறுப்பு” என்று சொல்லிவிட்டு, மீன் தோல் வாங்கத் தொண்டி பஸ் ஏறிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன சொல்வது என்பது முடிவாகவில்லை. இரவு ஏழு மணி வண்டியில் திரும்புவாள், அதற்குமேல்தான் தெரியும்.