சீப்பு வாங்கப் போன முள்ளம்பன்றி

ஒரு காட்டில், மூங்கில்கள்கூட அசையாத விடியல்களில், கலகலவென்று ஒரு சத்தம் கேட்கும். உலர்ந்த குச்சிகளைக் கூடையில் போட்டு யாரோ மெல்லக் குலுக்குவதுபோல் இருக்கும். தேஹாய் என்ற முள்ளம்பன்றி இரை தேடிவிட்டு வளைக்குத் திரும்புகிறான் என்று அர்த்தம். அதைக் கேட்டதும் அவன் மனைவி யூலான் எழுந்து, இரண்டு முழம் தள்ளிப் படுத்துக்கொள்வாள். முள்ளம்பன்றிகளின் இல்லறத்தில் அன்பின் அளவு இரண்டு முழம்.

அந்தச் சத்தம் நின்று மூன்று வருஷம் ஆயிற்று. ஆனாலும் யூலான் விடியலில் விழித்துத் தள்ளிப் படுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

அது சீனத்துக் காடு. மலையடிவாரத்தில், ஆற்றங்கரையில், தினமும் இரவுச் சந்தை கூடும். தேஹாய் அவளுக்கு ஒரு சீப்பு வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு அங்கே போனவன். முள்ளம்பன்றிக்குச் சீப்பு எதற்கு என்று கேட்கக் கூடாது. சந்தைகள் செழிப்பதே அந்த மாதிரிக் கேள்வியை யாரும் கேட்காததால்தான்.

இந்த வருஷம் காட்டு அலுவலகம் வளைப் பதிவுப் படிவம் கொடுத்தது. அதில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் மனைவியின் காலடித் தடம், மற்றதில் கணவனின் காலடித் தடம். பௌர்ணமி கழிந்து சூரியன் உதிப்பதற்குள் கொடுக்காவிட்டால் வளை பொதுச்சொத்து. அந்த வளையை யூலான் தன் நகம் தேயத் தோண்டியிருந்தாள். முதல் கட்டத்தில் காலடி பதித்துவிட்டு, பௌர்ணமி மாலையில் படிவத்தோடு சந்தைக்குப் புறப்பட்டாள். தேஹாய் அங்கேதான் இருக்கிறான் என்று குரங்குகள் சொல்லியிருந்தன.

சந்தை ஜெகஜ்ஜோதியாக இருந்தது. சிவப்புக் கூண்டு விளக்குகளின் கீழே கணவாய் மீன்கள் குச்சியில் ஏறி மிளகாய்த்தூள் பூசிக்கொண்டன. மூங்கில் தட்டுகளிலிருந்து கொழுக்கட்டை ஆவி எழுந்தது. பாகில் தோய்த்த சிவப்புப் பழங்கள் கண்ணாடிபோல் மின்னின. கால் இல்லாத பாம்புகள் எடைக்கு எடை காலுறை வாங்கின. ஆந்தைகள் வெயில் கண்ணாடி போட்டு அழகு பார்த்தன. பசியோடு வந்த யூலான் ஒரு கிழங்கை நீட்டி, பழக்குச்சி ஒன்று கேட்டாள். கடைக்காரக் குரங்கு கிழங்கைத் தொடவே இல்லை. பணம் ஃபோனில்தான், ஃபோனைக் காட்டுங்கள் என்றது. அவளிடம் ஃபோன் இல்லை என்றதும் அவளும் இல்லை என்பதுபோல் அடுத்தவரைப் பார்த்தது.

அப்போதுதான் இரும்புச் சட்டிகளில் கரண்டி மோதும் இரைச்சலுக்கு நடுவே அந்தக் கலகலச் சத்தம் கேட்டது.

நரியின் கடை வாசலில் சந்தையிலேயே நீளமான வரிசை. புளிக்கவைத்துப் பொரித்த சோயாக்கட்டி அங்கே விற்கிறது என்பது பத்துக் கடைக்கு முன்பே மூக்குக்குத் தெரியும். வரிசையின் நடுவில் தேஹாய் நின்றான், முள் கொஞ்சம் நரைத்து.

"என்னங்க, நான்தான்," என்று யூலான் ஓடினாள்.

தேஹாய் திரும்பிப் பார்த்தான். கண் கலங்கியது. சுற்றிலும் எல்லோரும் முறைப்பதையும் பார்த்தான். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவளிடம் அவன் சொன்ன முதல் வார்த்தை:

"யூலான், வரிசையில வா."

யூலான் கடைசியில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் ஓர் ஆண் வாத்து.

"பசியா அக்கா?" என்றது வாத்து.

"ஆமா தம்பி."

வாத்து கழுத்தை முழுசாகத் திருப்பி அவளைப் பார்த்தது. "அப்போ வேலைக்குப் புதுசு."

பிறகு அது விவரம் சொன்னது. இந்த வரிசையில் யாரும் தின்ன வந்தவர்கள் இல்லை. எல்லோரும் நரியின் கூலிக்கு நிற்பவர்கள். நீள வரிசையைப் பார்த்துத்தான் ஊர் கூடும். முன்னால் போனதும் நரி ஒரு வெறும் காகிதத் தட்டைக் கொடுக்கும். மென்றபடி விளக்குக் கம்பத்தைச் சுற்றிவந்து மறுபடி கடைசியில் நிற்க வேண்டும். தேஹாய்க்கு இங்கே தனி மரியாதை. முள் குத்துமென்று அவன் முன்னால் ஓர் ஆள் இடமும் பின்னால் ஓர் ஆள் இடமும் விட்டு நிற்பார்கள். ஒருவன் கூலியில் மூவர் நீளம். அன்றைக்குச் சீப்புக் கடை வரிசை என்று நினைத்து இதில் நின்றுவிட்டானாம். தன் முள்ளைக் குறைசொல்லாத இடம் என்று பிறகு வீடு திரும்பவே இல்லையாம்.

வாத்து தன் கதையையும் சொன்னது. அடுத்த கடையில் அதன் அண்ணன் தம்பிகள் தேன் பூசிக் கொக்கியில் தொங்கினார்கள். வீட்டு முகவரி இல்லாத வாத்தை யாரும் கொக்கியில் மாட்டலாம் என்பது சந்தை விதி. நரியிடம் வேலை இருக்கும்வரை உயிருக்கு ஆபத்தில்லை.

வரிசை நகர்ந்தது. யூலான் ஓர் அடி வைத்தாள். தேஹாயும் ஓர் அடி வைத்தான். கம்பத்தை இரண்டு தடவை சுற்றினார்கள். நிலா உச்சியைத் தாண்டியது.

"அவர் உங்களுக்கு முன்னால எட்டாவது ஆள் அக்கா," என்றது வாத்து. "விடிய விடிய நடந்தாலும் எட்டாவது ஆள்தான். காகிதத்தை இப்படிக் குடுங்க, கைமாத்தி அனுப்பிடலாம்."

படிவம் கை மாறி முன்னால் போனது. தூரத்தில் தேஹாய் அதை வாங்கிப் பார்ப்பது தெரிந்தது. பிறகு மடித்து, எதையோ சேர்த்துப் பின்னால் அனுப்பினான். யூலான் கைக்குப் படிவத்தோடு, அவன் கூலியில் வாங்கிவைத்த ஒரு மரச்சீப்பும் வந்தது. எட்டுக் கைகள் மாறியும் அது களவு போகவில்லை. யாருக்கும் அது தேவைப்படவில்லை.

படிவத்தைப் பிரித்துப் பார்க்க நேரமில்லாமல் அவள் மலையேறி ஓடினாள். சூரியன் எழச் சற்று முன் காட்டு அலுவலகத்தில் எழுத்தர் ஆமை படிவத்தை விரித்தது.

"மனைவி முள்ளம்பன்றி, கணவர் வாத்து. சரியா இருக்கு."

"ஐயா, என் வீட்டுக்காரர் முள்ளம்பன்றி."

"படிவத்துல முள்ளு இல்லையேம்மா," என்று ஆமை முத்திரை குத்தியது. இரண்டாம் கட்டத்தில் விரல்களுக்கிடையே சவ்வு விரிந்த ஒரு காலடி இருந்தது. "திருத்தணும்னா கணவரோட சம்மதம் வேணும். வாத்தைக் கூட்டிட்டு வாங்க."

வாத்தைத் தேடப் புறப்பட்டால், அது மூட்டையோடு வளை வாசலிலேயே நின்றது. நரி தினமும் மாலையில் வருகைத்தாள் அனுப்பும், கைக்கு வந்ததும் காலி இடத்தில் காலடி வைத்து முன்னால் தள்ளிவிடுவது எல்லோருக்கும் வழக்கம் என்றது. காலி இடம் இல்லாததால் மற்றவர்கள் வைக்கவில்லை, தேஹாயும் வைக்கவில்லை. ஏன் என்று கேட்பது அந்த வரிசையில் வழக்கமில்லை.

"தெரியாமதான் வச்சேன் அக்கா," என்றது வாத்து, தரையைப் பார்த்தபடி. "ஆனா இப்ப எனக்கு முகவரி இருக்கு. நீங்க திருத்தினா இன்னிக்கே கொக்கி."

யூலான் அதன் கழுத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு சீப்பை எடுத்துக்கொண்டு மலையிறங்கினாள். வாத்தின் இடம் காலியாக இருந்ததால் நரி அவளை அங்கேயே நிறுத்திக்கொண்டது. இரண்டு முள்ளம்பன்றிகளால் வரிசை ஆற்றுப்பாலத்தைத் தொட்டது. தேஹாய் இப்போது அவளுக்கு முன்னால் ஏழாவது ஆள். விடியலில் அவன் முள்ளை உதறும்போது, அவள் வழக்கப்படி இரண்டு முழம் தள்ளி நிற்கிறாள்.

வாத்து இன்னும் அந்த வளையில்தான் குடியிருக்கிறது. வளையில் ஈரம் போதவில்லை என்று சென்ற மாதம் ஒரு புகார் மனு கொடுத்திருக்கிறது.

நீதி: வரிசையில் ஒழுங்காக நில்லுங்கள். உங்களுக்கு உரியது கட்டாயம் கிடைக்கும், உங்களுக்கு முன்னால் நிற்பவருக்கு.