போர்வீரனின் பலம்

மூன்றாவது ஞாயிறாக அமல்ராஜின் போர்வீரன் அரக்கனை ஒரே வெட்டில் சாய்த்ததும், ஷெர்வின் கையிலிருந்த முறுக்கைத் தட்டில் போட்டான்.

"ப்ரோ, இது நியாயமே இல்ல. நான் மந்திரவாதி. ரூல் புக்குல என் நெருப்புதான் பெருசு. இங்க நான் வாயத் தொறக்கறதுக்குள்ள எல்லாம் செத்துக் கெடக்குது."

ஆட்டத்தை நடத்துபவன் கிருபாகரன். கோவில்பதாகையில் அவன் குடியிருந்த வாடகை ஃப்ளாட்டில், சர்ச்சில் பூசை முடிந்ததும் நால்வரும் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். அவன் கதை சொல்வான். மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு வேடம். வாளை வீசினாலும் மந்திரம் போட்டாலும் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணோடு வேடத்தின் பலத்தைக் கூட்டிப் பெரிதாக வந்தால் வெற்றி.

கிருபாகரன் ஐ.டி.க்காரன். அட்டவணை போட்டால் தீராத வழக்கு உலகத்தில் இல்லை என்று நம்புகிறவன். எல்லா ஆட்டங்களையும் எக்செல்லில் ஏற்றிப் பார்த்தான். போர்வீரன் எங்கோ உயரத்தில் இருந்தான். மந்திரவாதி பாதியில். ரெனிதாவின் வைத்தியச்சி தரையில்.

அடுத்த வாரம் போர்வீரனின் பலத்தில் இரண்டைக் குறைத்தான்.

"கொறச்சிக்க நைனா," என்றார் அமல்ராஜ். "இருவது வருசம் அம்பத்தூர்ல லேத் ஓட்னவன் நானு. மொன்னக் கத்தியிலயும் வேல வாங்குவேன்."

உருட்டினார். பக்கத்தில் இருந்த ரெனிதா எட்டிப் பார்த்து, கோவில் பாடற்குழுவில் பாடும் அதே கணீர்க் குரலில், "பதினெட்டு" என்றாள். அரக்கன் விழுந்தான்.

கிருபாகரன் நான்கைக் குறைத்தான்.

"பத்தொம்பது."

வாளைப் பிடுங்கிக்கொண்டு ஓர் உலக்கையைக் கொடுத்தான்.

"இருவது," என்றாள் ரெனிதா. ராட்சதப் பல்லி உலக்கையால் செத்தது.

"அடுத்த வாரம் தொடப்பம் குடு நைனா," என்று அமல்ராஜ் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது.

பகடையில்தான் கோளாறு என்று கிருபாகரன் புதிதாக ஒன்று வாங்கினான். அதுவும் அமல்ராஜுக்கே விசுவாசமாக இருந்தது. தான் இனி வரப்போவதில்லை என்றான் ஷெர்வின்.

கடைசியில் கிருபாகரனுக்கு ஒரு யோசனை வந்தது. "வைத்தியச்சி பக்கத்துல இருக்கறதாலதான் போர்வீரனுக்கு இவ்வளவு தெம்பு. ரெனிதா, நீ இந்தப் பக்கம் வந்துடு."

"வேணாண்ணா. நான் இங்கயே இருக்கேனே."

"ரூல்னா ரூல்தான்."

ரெனிதா எழுந்து மேசையின் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள். அன்று அமல்ராஜ் பகடையை உருட்டிவிட்டு, அதைக் கையில் எடுத்துச் சற்று நேரம் வைத்திருந்தார். "மூணு," என்றார். அடுத்த முறை, "ரெண்டு." போர்வீரன் ஒரு பெருச்சாளியிடம் தோற்று மாண்டான். ஷெர்வின் கைதட்டினான். அட்டவணையில் கோடுகள் ஒன்றையொன்று நெருங்கியதைப் பார்த்துக் கிருபாகரனுக்கு அப்பாடா என்றிருந்தது.

"ரயிலுக்கு நேரமாச்சி," என்று எழுந்த அமல்ராஜ், வாசலில் செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் செய்தால், "வேல கீது நைனா," என்றார்.

காலி நாற்காலியைப் பார்க்கப் பார்க்கக் கிருபாகரனுக்கு நெஞ்சு உறுத்தியது. தென்காசியிலிருந்து வந்த புதிதில் அவன் டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது, திருநின்றவூரிலிருந்து தினமும் ரயிலேறிக் கஞ்சி கொண்டுவந்தவர் அவர். அந்தக் கஞ்சிக்கு யாரும் அட்டவணை போடவில்லை.

"நேர்ல போய் மன்னிப்புக் கேக்கப்போறேன்," என்றான் ரெனிதாவிடம். "கொறச்சதையெல்லாம் திருப்பிக் குடுத்துடறேன், வாளையும் சேத்து. ஆனா ஒரு ஆட்டத்துல தோத்ததுக்கா இவ்வளவு கோவம்?"

ரெனிதா மேசையிலிருந்த பகடையை எடுத்து விரல்களுக்குள் மூடிக்கொண்டாள்.

"கோவம் இல்லண்ணா. சுகர்ல கண்ணு மங்கிப்போய் மூணு மாசமாச்சு. கண்ணாடி போட்டாலும் இதுல இருக்கற நம்பர் அவருக்குத் தெரியாது. யாரையும் ஏமாத்திடக் கூடாதுன்னுதான் அன்னைக்கு வாய்க்கு வந்த சின்ன நம்பராச் சொன்னாரு. அதுவரைக்கும் படிச்சுச் சொன்னது நான்தான். நீங்க கொறைக்கக் கொறைக்க, நான் கூட்டிக் கூட்டிச் சொன்னேன்."